நகல்: பாதுகாவலருக்கு

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். துணைவேந்தர்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டார். பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்டார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் மட்டும்தான் அதற்கு வேலை.

பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. யாராவது மேலே ஓடினால் எங்கள் தலைமேல்தான் ஓடுவார்கள். அறையில் இரண்டு மேஜைகள். ஒன்று அக்காவுடையது. மற்றது என்னுடையது. நான் தபால் எழுத்தர். இந்தப் பிரிவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிதமும் என் பதிவேட்டில் வரிசை எண் வாங்கிக்கொண்டுதான் போகும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதம்கூட போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

அக்கா இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தின் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவராக வேலைக்குச் சேர்ந்தார். காதில் ஒரு கருவி, எதிரே முந்நூறு ஓட்டைகள், கையில் கம்பிகள். யாருக்கு யார் வேண்டுமோ அந்த ஓட்டையில் செருகிவிட வேண்டும். பிறகு காலம் மாறி, ஆளுக்கொரு கைப்பேசி வந்து, தொலைபேசி நிலையத்தை மூடினார்கள். மாற்றல் உத்தரவில் 'தொலைபேசியும் அதை இயக்குபவரும் மாணவர் நலப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள்' என்று யாரோ தட்டச்சு செய்துவிட்டதால், ஒரு கறுப்புத் தொலைபேசியும் அவரோடு கூடவே வந்து சேர்ந்தது. அதில்தான் இன்னும் பேசுகிறார்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிதானமாக, ஒரு சொல்லின்மேல் இன்னொரு சொல் இடிக்காமல் வரும். முதல்முறை கேட்கிறவர்கள் பதிவு செய்யப்பட்ட குரல் என்று நினைத்து, எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று காத்திருப்பார்கள். அக்கா வீட்டுக்காரர் மின்சார மீட்டர் படிப்பவர். நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவரும் நாள் முழுக்கப் படியேறிவிட்டு வருகிறவரும் சேர்ந்து இருபத்தாறு வருடக் குடும்பத்தை 'கதவு', 'விளக்கு', 'துண்டு' என்று ஒற்றைச் சொற்களிலேயே ஓட்டிவிட்டதாக அக்கா சொல்வார். சண்டை போடவும் சொல் பற்றாமல் விட்டுவிட்டார்களாம்.

மாணவர் நலப் பிரிவில் அக்காவுக்கு ஒரே வேலைதான். வீட்டில் திடீரென்று இடி விழுந்த மாணவர்களுக்கு அவசர உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அப்பாவுக்கு வேலை போவது, வீடு தீப்பிடிப்பது, சம்பாதிக்கிறவர் படுத்த படுக்கையாவது, இந்த மாதிரி. நாலு பக்க விண்ணப்பம். ஒன்பதாம் விதிப்படி, நெருக்கடி உண்மைதான் என்று பாதுகாவலர் தொலைபேசியிலோ நேரிலோ வாய்மொழியாக உறுதிசெய்ய வேண்டும். இந்த விதி ஆரம்பத்தில் இல்லை. ஒரு வருடம் அப்பா இறந்துவிட்டதாக எழுதிக்கொடுத்து ஒருவன் பணம் வாங்கினான். மறுவாரம் அந்த அப்பா மகனுக்குப் போர்வை கொடுக்க நேரிலேயே வந்துவிட்டார். விடுதி எங்கே என்று எங்களிடம்தான் வழி கேட்டார். அன்றைக்கு வந்தது ஒன்பதாம் விதி.

அக்கா எந்த வீட்டுக்குப் போன் செய்தாலும் முதலில் சொல்வது, "பல்கலைக்கழகத்திலேருந்து பேசறோம், முகவரி சரிபார்க்கணும்" என்பதுதான். அது பொய் இல்லை. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுச் சரிபார்ப்பார். முடிந்ததும் வைக்கமாட்டார். சும்மா இருப்பார். எதிர்முனையில் இருப்பவர் ஐந்து விநாடி தாங்குவார். பத்து விநாடி தாங்குவார். பிறகு, "இந்த வீட்லயும் எத்தனை நாள் இருக்கப்போறோமோ தெரியல மேடம்" என்று ஆரம்பித்தால் எல்லாம் வந்துவிடும். அரை மணி நேரம் அழுகையைக் கேட்டுவிட்டு, அக்கா குறிப்புக் கட்டத்தில் ஒரே வரி எழுதுவார்: 'பாதுகாவலர் வாய்மொழியாக உறுதி செய்தார்.' அல்லது: 'பாதுகாவலர் மறுத்தார்.' இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வரியை அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்த வரியைப் பார்த்துத்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவரான டீன் கையெழுத்துப் போடுவார். நாலு பக்கத்தையும் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு முன்னால் இருந்த டீன் ஒருநாள் வேண்டப்பட்ட பையனுக்காக, "உறுதி செய்தார்னு ஒரு வரி எழுதிடுங்களேன்" என்று குழைந்தார். அக்கா பேனாவை அவர் பக்கம் தள்ளிவைத்து, "நீங்களே எழுதுங்க சார், ரெண்டு கையெழுத்தும் வேறவேறன்னு பாத்தாலே தெரியும்" என்றார். அந்த டீன் ஓய்வு பெறும்வரை எங்கள் அறைக்கு மின்விசிறி வரவில்லை.

அந்தப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். கடைசி வருடம், கணிதம். விண்ணப்பத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அக்கா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பா அச்சகத்துல வேலை பாத்தாரா?"

"ஆமாங்க. அச்சகம் மூடி பத்து வாரம் ஆச்சு. மெஷினையெல்லாம் வித்துட்டாங்க."

"வீட்ல எப்படி ஓடுது?"

"எங்க வீட்ல இது யாருக்கும் தெரியாதுங்க."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். நானும் பசை தடவுவதை நிறுத்தினேன்.

அவள் சொன்னது இதுதான். அப்பா இன்னமும் தினமும் காலை எட்டு மணிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். மாலை ஆறரைக்குக் களைத்துப்போய் வருகிறார். மூன்று வாரத்துக்கு முன் கூடப் படிக்கும் தோழிக்குக் கால் பிசகியதால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், மூன்றாவது வரிசையில், அப்பா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்புக்குத்தான் ஏதோ என்று பதறித் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் கையில் சீட்டும் இல்லை. மறுநாள் அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தாள். அது பூட்டியிருந்தது. எப்போது மூடினார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் தெரியாது. தினமும் சாப்பாடு கட்டிக் குடுக்கறாங்களே."

"அப்பாவை நேர்ல கேக்கலையா?"

"எப்படிங்க கேக்கறது?"

அக்கா விண்ணப்பத்தைப் புரட்டினார். கடைசிப் பருவக் கட்டணம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கட்டாவிட்டால் தேர்வுப் பட்டியலில் பெயர் வராது. பெயர் வராவிட்டால் ஒரு வருடம் போனதுதான். அந்தக் குடும்பம் இன்னொரு வருடம் தாங்காது. அவளே கணக்குப் போட்டு அதையும் எழுதியிருந்தாள், கணிதப் பிள்ளை அல்லவா.

"பாதுகாவலர்கிட்ட பேசணும்னு விதி இருக்கும்மா."

"பேசுங்க. ஆனா எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ப்ளீஸ் மேடம். தெரிஞ்சா அவர் என் முகத்தைப் பாக்க மாட்டார்."

பாதுகாவலருக்குத் தெரியாமல் பாதுகாவலரிடம் உறுதி வாங்குவது எப்படி என்று ஒன்பதாம் விதியில் இல்லை. அக்கா விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த அப்பாவின் எண்ணைச் சுழற்றினார். அந்தத் தொலைபேசியில் பேசுவது பக்கத்து மேஜைக்கும் கேட்கும்.

"முகவரி சரிபார்க்கணும் சார்."

அவர் முகவரியை மளமளவென்று சொன்னார். அக்கா வழக்கம்போல் சும்மா இருந்தார். ஐந்து விநாடி. பத்து விநாடி. இருபது விநாடி. பத்தொன்பது வருடத்தில் இந்த ஆயுதம் பலிக்காமல் போய் நான் பார்த்ததில்லை.

"வேற ஏதாவது கேக்கணுமா மேடம்? வேலை நேரம், மெஷின் ஓடிட்டிருக்கு" என்றார் அவர்.

"வீட்ல ஏதாவது சிரமம் உண்டா சார்? படிப்புக்கு?"

"ஒரு சிரமமும் இல்ல. ஃபீஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடுவோம்."

அவருக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கி, 'டோக்கன் நாப்பத்தேழு, நாலாம் நம்பர் அறைக்கு வரவும்' என்றது. அவர் உடனே வைத்துவிட்டார்.

அக்கா குறிப்புக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விதிப்படி எழுத வேண்டியது, 'பாதுகாவலர் மறுத்தார்.' எழுதினால் அந்தப் பெண்ணின் கதை அங்கேயே முடிந்தது.

"உறுதி செய்தார்னு எழுதிடுங்கக்கா. அதான் டோக்கன் சத்தம் கேட்டுச்சுல்ல. அதுவே உறுதிதானே" என்றேன் நான்.

"அது மைக் உறுதி செஞ்சது தம்பி. அவர் செய்யலை."

"பொண்ணோட வாழ்க்கைக்கா."

"எனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருஷமா அந்த வரியைப் பாத்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏன்? அது பொய்யா இருந்ததில்லை. நாளைக்கு ஒரு பொய் எழுதினா, இதுவரைக்கும் எழுதின எல்லாத்தையும் ஒருத்தன் திருப்பிப் பாப்பான்." இவ்வளவு சொல்லும்போதும் குரல் ஏறவில்லை. ஆனால் பேனா மூடியைத் திருகித் திருகி மரை கழன்றுவிட்டது. அக்கா கோபப்பட்டால் அப்படித்தான். மாதம் ஒரு பேனா வாங்குவார்.

மதியம் வரை ஒன்பதாம் விதியையே படித்துக்கொண்டிருந்தார். அது இரண்டு வரிதான். பிறகு கேட்டார், "நேர்லயும் உறுதி செய்யலாம்னு போட்டிருக்கு. எங்கேன்னு போடலையே?"

வியாழக்கிழமை காலை என் வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு பேருக்கும் அரை நாள் விடுப்பு. அந்தக் கூடத்தில் இருநூறு நாற்காலிகள் இருக்கும். எட்டு மின்விசிறிகள், குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. காலை முதல் மாலை வரை யார் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மனிதர் யோசித்துத்தான் இடம் பிடித்திருக்கிறார். பூங்காவில் உட்கார்ந்தால் பார்க்கிறவன் கேட்பான். ஆஸ்பத்திரியில் கேட்கமாட்டான், பாவம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

மூன்றாவது வரிசையில் மடியில் பையோடு இருந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அக்கா அவர் பக்கத்து நாற்காலியில் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வலி நடிப்பில்லை, நாலு வருடமாக இருக்கிறது. நான் சந்தேகம் வராமல் இருக்க ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன்.

அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"முட்டியா? சீட்டு வாங்கிட்டீங்களா? அந்த ரெண்டாவது ஜன்னல். நாலாம் நம்பர் ரூம் போடச் சொல்லுங்க. டாக்டர் பத்தரைக்குத்தான் வருவார், ஆனா நல்லாப் பாப்பார். இங்க வேணாம், அந்தப் பக்கம் மாறி உக்காருங்க, இந்த ஃபேன் சுத்தற மாதிரி தெரியும், காத்து வராது."

அக்கா மாறி உட்காரவில்லை. அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தார். ஐந்து விநாடி. பத்து விநாடி. 'உங்களுக்கு என்ன உடம்புக்கு?' என்று கேட்கும் பார்வைதான், கேள்வி இல்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. வேலைதான் இல்ல" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர் மாதிரி பையை இறுக்கிக்கொண்டார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. முப்பது வருடம் ஒரே அச்சகம். ஒரு திங்கட்கிழமை போனால் முதலாளி வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கலாம். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று வரும். அப்படியே பத்து வாரம் ஓடிவிட்டது. ஏறி இறங்காத அச்சகம் இல்லை, எல்லா இடத்திலும் இளவட்டங்களைத்தான் கேட்கிறார்கள். பெண் கடைசி வருடம். நாளைக்குள் கட்டணம் கட்ட வேண்டும்.

"எப்படிக் கட்டப்போறீங்க?" என்றார் அக்கா. அதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம்.

அந்த மனிதர் மெதுவாகத் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து போன்ல பேசினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"முகவரி..."

"சரியாத்தான் இருக்கு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். அவருக்கு இருந்த ஒரே இடத்துக்கும் நாங்கள் வந்துவிட்டோம். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவமானமாகவும் இருந்தது, அவருக்காக இல்லை, எனக்காக.

"பொண்ணுதான் எழுதிக் குடுத்துச்சா?"

"அதை நான் சொல்லக் கூடாது சார்."

"அப்போ அவளுக்குத் தெரியுமா? எத்தனை நாளா?"

"அதையும் சொல்லக் கூடாது."

அவர் சிரிக்க முயற்சி செய்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத் துண்டை எடுத்தால் பக்கத்து நோயாளி, "ரொம்ப வலியா அண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர்.

அக்கா பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். "இப்போ சொன்னதை நான் உதவித்தொகைக்கு எழுதிக்கலாமா சார்? நீங்க வேண்டாம்னு சொன்னா மடிச்சு வச்சுடறேன். உங்க விருப்பம்."

அவர் டோக்கன் எண்கள் மாறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு ஐம்பத்துமூன்றாயிற்று.

"எழுதிக்கங்க. ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து ஐம்பத்துநாலு என்று கூப்பிட்டார்கள். அது என் எண். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று உள்ளே போனேன். இனி சந்தேகப்பட யாரும் இல்லை என்பது மருத்துவர் என் கையில் பட்டையைச் சுற்றிய பிறகுதான் உறைத்தது. இரத்தக் கொதிப்பு அதிகம் என்றார். அன்று கொடுத்த மாத்திரையை இன்றுவரை சாப்பிடுகிறேன்.

வெளியே வந்தபோது அக்கா எழுதி முடித்திருந்தார்: 'பாதுகாவலர் நேரில் வாய்மொழியாக உறுதி செய்தார்.' 'நேரில்' என்ற சொல்லை அவர் அந்தக் கட்டத்தில் எழுதியது அதுவே முதல்முறை.

வெள்ளிக்கிழமை காலை டீன் வரியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மதியம் இரண்டரைக்குக் கட்டணம் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டது. தேர்வுப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் வந்ததை அக்காவே அறிவிப்புப் பலகை வரை நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இந்தக் கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்கு முழுக் காரணம் நான்.

உதவித்தொகை ஒப்புதல் ஆனால் மாணவருக்கு ஒரு கடிதம், அடியில் 'நகல்: பாதுகாவலருக்கு' என்று போட்டு வீட்டுக்கு ஒரு நகல், அதில் மட்டும் 'தங்கள் மகன்' அல்லது 'தங்கள் மகள்' என்று மாற்றியிருக்கும். இது வழக்கம். அக்கா அந்தக் கோப்பில் 'நகல் அனுப்ப வேண்டாம்' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குண்டூசி குத்தி வைத்திருந்தார். எனக்கோ கோப்பில் குண்டூசியைக் கண்டால் ஆகாது. உறையைக் கிழிக்கும், கையைக் குத்தும். தபாலுக்கு உட்காரும்போது முதல் வேலையாக எல்லாக் கோப்பிலும் குண்டூசியையும் துண்டுச் சீட்டுகளையும் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அன்று நாற்பது கடிதம். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவனே நான்தான், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தன் பாட்டுக்கு மடித்தது, ஒட்டியது, முத்திரை குத்தியது.

திங்கட்கிழமை காலை பதிவேட்டில் கூட்டல் போடும்போதுதான் கண்ணில் பட்டது. வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அஞ்சலகத்துக்கு ஓடினேன். "பெட்டியில போட்டுட்டா அது வாங்கறவங்களோடது. உங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார் அங்கிருந்தவர். தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைப் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. புதுப் பேனாவின் மூடியை எடுத்துத் திருக ஆரம்பித்தார்.

அதே நேரம் அந்தப் பெண் பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட வந்தாள். "அப்பாகிட்ட பேசினீங்களா மேடம்? எப்படி உறுதி ஆச்சு?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவே எங்ககிட்ட சொல்றார், ஃபீஸ் கட்டியாச்சு, கவலைப்படாதேன்னு. எதை நம்பி அப்படிச் சொன்னார்னே புரியலை. நீங்க மட்டும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்?" அவள் குரல் உடைந்தது. "ரொம்ப தேங்ஸ்பான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?"

அக்காவின் உதடு அசைந்தது. ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "இங்கே கையெழுத்து போடும்மா" என்று முடித்துக்கொண்டார்.

கடிதம் திங்கட்கிழமை மதியம் அந்த வீட்டுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா எங்கள் அறை வாசலில் நின்றார். யாரென்று சொல்லாமலே தெரிந்தது, மகளின் அதே நெற்றி. கையில் என் முத்திரை குத்திய உறை. பிரித்து, பிறகு கவனமாகப் பசை தடவி ஒட்டியிருந்தார். நான் ஒட்டியதைவிட நன்றாகவே ஒட்டியிருந்தார்.

"இங்கேருந்துதான் வந்துச்சா?"

"ஆமாம்மா. தப்பு என்னோடதுதான்" என்று நான் எழுந்து நின்றேன். "இதை அனுப்பியிருக்கக் கூடாது. நீங்க வீட்டுக்காரரைத் தப்பா நினைக்காதீங்க, அவர்..."

"அவருக்கு வேலை போனது எனக்குத் தெரியுங்க."

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறினார்கள். சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம்.

"முப்பது வருஷமா அவர் சட்டையை நான்தான் துவைக்கறேன். கைப்பட்டியில மை இல்லாம ஒருநாளும் வந்ததில்லை. பத்து வாரமா மை இல்ல." நாற்காலியைக் காட்டினோம். அவர் உட்காரவில்லை. "அவரா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. சரி, காலையில கிளம்பிப் போறதுக்கு ஒரு இடமாவது இருக்கேன்னு விட்டுட்டேன்."

"பொண்ணுகிட்ட..." என்றார் அக்கா.

"அவளுக்குத் தெரிஞ்சா படிப்பு ஓடாதுங்க. அவகிட்ட மூச்சு விடலை." உறையைப் புரட்டினார். "ஃபீஸ் கட்டியாச்சுன்னு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். வேலைக்குப் போயிட்டு வரேன்னும்தான் தினமும் சொல்றார். எதை நம்பறது? வட்டிக்கு வாங்கிட்டாரோன்னு அவர் பையைக்கூடத் துழாவிப் பாத்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கலை. இந்த லெட்டர் வந்துதான் தெரிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "நீங்க தப்புன்னு சொல்றீங்க. பத்து வாரத்துல எங்க வீட்ல எனக்கு யாராவது ஒரு விஷயத்தைச் சொன்னாங்கன்னா, அது இதுதான்."

நான் பதிவேட்டை எடுத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"இதை நீங்களே வச்சுக்கங்க. வீட்ல இருந்தா அவர் கண்ணுல பட்டுடும். எனக்குத் தெரியும்னு அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம்."

அக்கா உறையை வாங்கிக்கொண்டார். மூன்று பேருடைய இரகசியமும் இப்போது அந்த மேஜைமேல் இருந்தது. மூன்றும் ஒன்றுதான். ஒரு வாய் திறந்தால் தீர்ந்தது. திறக்கச் சொல்ல அக்காவுக்கு உரிமை இல்லை. முந்நூறு பேரை ஒருவருக்கொருவர் இணைத்துவிட்ட கை, உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மா கிளம்பினார். வாசல் வரை போய் நின்றார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை சொல்றீங்களா?"

"படிச்சிருப்பீங்களே அம்மா?" என்றேன் நான், புத்தி கெட்டவன்.

"படிச்சேன். நாலஞ்சு தடவை படிச்சேன். யாராவது சொல்லிக் கேக்கணும் போல இருக்கு."

அக்கா உறையைப் பிரித்தார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தமுறை அந்த அம்மா உட்கார்ந்தார். அக்கா கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லின்மேல் இன்னொரு சொல் இடிக்காமல் படித்தார். 'தங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த எதிர்பாராத நெருக்கடியைக் கருத்தில்கொண்டு, தங்கள் மகளின் இறுதிப் பருவக் கட்டணம் முழுவதும் பல்கலைக்கழகத்தால் செலுத்தப்பட்டுவிட்டது. தாங்கள் இதன்பொருட்டுக் கவலைகொள்ள வேண்டியதில்லை.' கீழே டீன் பெயர், தேதி, வரிசை எண் எல்லாவற்றையும் விடாமல் படித்தார்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தக் கடைசி வரி மட்டும் இன்னொரு தடவை" என்றார்.

அக்கா முதல் வரியிலிருந்தே மறுபடி ஆரம்பித்தார்.